பிரமுகர் தாக்கப்பட்டால் முதலில் எங்கே கொண்டுபோவது? யாழ்ப்பாணத்தில் உள்ள நான்கு வழிகள்

கோயில் திருவிழாவுக்கு அமைச்சர் வருகிறார். முற்றவெளியில் கட்சிக் கூட்டம். வீரசிங்கம் மண்டபத்தில் பெயர்பெற்ற ஒருவர் பேசப் போகிறார். ஒழுங்கு செய்பவர்கள் மேடை, ஒலிபெருக்கி, பொலிஸ் அனுமதி எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் இதைக் கேட்கிறார்கள்: "ஏதும் நடந்தால் ஆளை எங்கே கொண்டுபோறது?" பெரியாஸ்பத்திரிக்கா (யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை), பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கா, தனியாருக்கா, ஹெலி எடுத்து நேரே கொழும்புக்கா? நிர்வாக சபைகளில் இருப்பவர்களும் கழகங்களை நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

எங்கள் ஊரில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மேயர் சரோஜினி யோகேஸ்வரன் 1998 மே மாதம் தன் வீட்டிலேயே சுடப்பட்டார். அவருக்குப் பின் மேயரான பொன். சிவபாலன் அதே ஆண்டு செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். போர் முடிந்த பிறகும், 2011 ஜூலையில், உதயன் பத்திரிகையின் செய்தி ஆசிரியர் குகநாதன் இரும்புக் கம்பிகளால் தாக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். 2017 ஜூலை 22 மாலை நல்லூரில் நீதிபதி இளஞ்செழியன் சென்ற இடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நீதிபதிக்கு ஒன்றும் ஆகவில்லை. பல காலம் அவரோடு இருந்த மெய்ப்பாதுகாவலர், பொலிஸ் சார்ஜன்ட் ஹேமச்சந்திர, சூடுபட்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உயிரிழந்தார்.

இந்தக் கடைசிச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். பிரமுகருக்கென்று போடும் திட்டத்தில் அவரோடு நிற்கும் சாரதி, பாதுகாவலர், மாலை போட வந்த பிள்ளை எல்லோருக்கும் இடம் இருக்கவேண்டும். அப்படி இல்லாத திட்டத்தை நான் திட்டம் என்றே எடுப்பதில்லை.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குடாநாட்டுக்குள் நடக்கும் எந்தத் தாக்குதலுக்கும் முதல் சத்திரசிகிச்சை குடாநாட்டுக்குள்ளேயே நடக்கவேண்டும். கொழும்பு என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு. ஏன் என்று பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, குண்டுச் சிதறல் மூன்றிலும் காப்பாற்றியிருக்கக்கூடிய ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் இரத்தப்போக்கு. தொடையிலோ கையிலோ பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களே போதும். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஒழுகுவது வெளியே தெரியாது. ஆள் கதைத்துக்கொண்டே இருப்பார், திடீரென்று சரிவார். ஆகவே ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம்.

முதலாவது, அறுவை செய்யும் வைத்தியரின் கைக்கு முன்னால் ஆள் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேருவார்? ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்கெடுக்கவேண்டாம். சத்திரசிகிச்சைக் கூட மேசையில் ஏறும் நேரம்தான் கணக்கு.

இரண்டாவது, குளிர்சாதனப் பெட்டிக்குள் இப்போதே எவ்வளவு இரத்தம் இருக்கிறது? நாளைக்கு வரப்போவது உதவாது.

மூன்றாவது, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கும் சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து வைத்தியர், சிற்றி ஸ்கான் எடுப்பவர் மூவரும் இருப்பார்களா?

நான்காவது, ஒரே நேரத்தில் நாலைந்து பேர் காயப்பட்டு வந்தால் தாங்குமா?

ஐந்தாவது, வாசலில் கூடப்போகும் சனத்தையும் கமெராக்களையும் சமாளிக்க முடியுமா? கடைசியாக வைத்தாலும் இதுவும் உயிர்க் கேள்விதான். ஸ்ட்ரெச்சர் உள்ளே போக வழி இல்லாவிட்டால் மற்ற நான்கும் வீண்.

## வழி ஒன்று: நேரே பெரியாஸ்பத்திரி

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மருத்துவபீடத்தின் பயிற்சிக் களம். நாள் முழுக்க, இரவு முழுக்கப் பயிற்சி வைத்தியரும் பதிவாளரும் (நிபுணராகப் பயிலும் வைத்தியர்) நிபுணரும் அடுக்கடுக்காக இருக்கிற இடம். போர்க்காலம் முழுக்கச் சூட்டுக்காயத்தையும் செல் காயத்தையும் பார்த்த அனுபவம் இந்தக் கட்டடத்துக்கு உண்டு. இப்போதும் வாள்வெட்டுக் காயங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆனால் வெட்டுக்காயத்தைக் கண்டு கை நடுங்காத தாதியர் அங்கே இருப்பதற்கு அதுவே காரணம்.

நல்லூர், முற்றவெளி, துரையப்பா விளையாட்டரங்கு, வீரசிங்கம் மண்டபம், பல்கலைக்கழகம் எல்லாம் சில கிலோமீற்றருக்குள் அடங்கும். இந்த இடங்களில் நடக்கும் கூட்டங்களுக்கு வேறு வழியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

மறைவான செலவு ஒன்று உண்டு, அதுதான் றோட்டு. ஆஸ்பத்திரி வீதி நகரத்தின் நடு மையத்தில், பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் பக்கத்தில் கிடக்கிறது. மத்தியானம் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் நோயாளர் பார்வை நேரத்திலும் வாசலில் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் நெருக்கியடிக்கும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டிருக்கும். வரைபடத்தில் மூன்று கிலோமீற்றர் என்று இருப்பதை அந்த நாளில், அந்த நேரத்தில், ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஓடிப் பார்க்கட்டும். எந்தத் தடுப்பை எந்தப் பொலிஸ்காரர் திறப்பார் என்பது முன்னமே பேசி முடித்த விஷயமாக இருக்கட்டும்.

இன்னொரு செலவு, ஏற்கனவே உள்ளே இருக்கும் நோயாளிகள் கொடுப்பது. பிரமுகர் ஒருவர் வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு முழுவதும் அவர் பக்கம் சாயும். அதே நேரம் பாம்பு கடித்து வந்த தோட்டக்காரர் அங்கே மூலையில் கிடப்பார். அவரை யார் பார்ப்பது என்பதையும் வைத்தியசாலைத் திட்டம் பெயர் குறித்துச் சொல்லவேண்டும்.

## வழி இரண்டு: பக்கத்து ஆதார வைத்தியசாலை

பருத்தித்துறையில் கூட்டம் என்றால் மந்திகை, காங்கேசன்துறைப் பக்கம் என்றால் தெல்லிப்பழை, தென்மராட்சி என்றால் சாவகச்சேரி, தீவகம் என்றால் ஊர்காவற்றுறை. மந்திகையிலிருந்து யாழ் நகருக்கு முப்பது கிலோமீற்றர் அளவு. வழியில் சந்திகள் எத்தனை என்று வடமராட்சியாருக்குச் சொல்லத் தேவையில்லை.

வயிற்றில் குத்துப்பட்டு நாடித்துடிப்பு ஏறி, இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு முப்பது கிலோமீற்றர் ஓடுவதா, ஐந்து நிமிடத்தில் இருக்கும் இடத்தில் இறக்குவதா? அங்கே சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து வைத்தியரும் அந்த நேரத்தில் இருந்தால் இறக்கவேண்டும். இல்லாவிட்டால் இறக்கக்கூடாது. மூச்சுப் பாதை அடைபட்டால் மட்டும் விதிவிலக்கு. மூச்சு நின்றால் எந்த ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதோ அதுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் செய்யும் அறுவை முழுமையாக இருக்கவேண்டியதில்லை. வயிற்றைத் திறந்து, ஒழுகும் இடத்தைக் கட்டி, பஞ்சு வைத்து அடைத்து, குடல் ஓட்டையை அடைத்துவிட்டுத் தற்காலிகமாக மூடி அனுப்பலாம். குளிர்ந்துபோய், இரத்தம் உறையும் தன்மை இழந்து, உடலில் அமிலம் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியை மேசையில் நாலைந்து மணித்தியாலம் வைத்து எல்லாவற்றையும் தைக்க முனைவதுதான் ஆபத்து. உலகெங்கும் காயச் சத்திரசிகிச்சையாளர் இன்று கைக்கொள்ளும் முறை இது.

2018 செப்டெம்பர் 6இல் பிரேசில் ஜனாதிபதி வேட்பாளர் பொல்சொனாரோ தேர்தல் கூட்டத்தில் வயிற்றில் குத்தப்பட்டார். நடந்தது ஜுயிஸ் டி ஃபோரா என்ற ஊரில். சாவோ பாவுலோவில் நாட்டின் மிகப் பெரிய தனியார் வைத்தியசாலைகள் காத்திருந்தன. ஆனால் முதல் அறுவை அந்த ஊர்ச் சாந்தா காசா வைத்தியசாலையில்தான் நடந்தது. இரத்தப்போக்கு நின்ற பிறகு, மறுநாள், சாவோ பாவுலோவுக்குக் கொண்டுபோனார்கள். ஆள் பிழைத்தார், அடுத்த மாதமே தேர்தலிலும் வென்றார்.

இந்த வழியின் மறைவான செலவு இரத்தம். சிறிய இரத்த வங்கியில் இருப்பு குறைவு. இரண்டு பேருக்குப் பெரிய அளவில் ஏற்றவேண்டி வந்தால் அரை மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். ஆகவே இந்த வழியைத் தேர்ந்தால், கூட்டத்துக்கு முதல் நாள் யாழ் இரத்த வங்கியிலிருந்து மேலதிக இருப்பு அங்கே போகலாமா என்று கேட்டுவைக்கவேண்டும். நிபுணர் அன்று விடுமுறையில் இல்லை என்பதையும் உறுதிப்படுத்துங்கள். பெயர்ப் பலகையில் 'ஆதார வைத்தியசாலை' என்று இருப்பதை மட்டும் பார்த்து நம்பிப் போகக்கூடாது. எல்லா ஆதார வைத்தியசாலைகளிலும் ஒரே ஆளணி இருப்பதில்லை.

## வழி மூன்று: தனியார்

பல பிரமுகர்களின் குடும்பத்தார் முதலில் நினைப்பது இதைத்தான். அறை சுத்தம், சனம் குறைவு, தெரிந்த வைத்தியர். எலும்பு முறிவுக்கும் சிறு வெட்டுக்கும் சரி.

ஆனால் இரவில் நெஞ்சில் சூடுபட்டவரைக் கொண்டுபோனால், அறுவை செய்யவேண்டிய நிபுணர் பெரும்பாலும் அரச வைத்தியசாலையில் கடமை செய்பவராகவே இருப்பார். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வரவழைக்கவேண்டும். இரத்தமும் அரச இரத்த வங்கியிலிருந்துதான் வரவேண்டியிருக்கும். அப்படியானால் நிபுணர் இருக்கும் இடத்தையும் இரத்தம் இருக்கும் இடத்தையும் விட்டுவிட்டு, இரண்டும் வந்துசேரும் வரை காத்திருக்கும் இடத்துக்கு ஏன் போகவேண்டும்? உயிராபத்தான காயத்துக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஆபத்துக் கட்டம் தாண்டிய பிறகு, தையல் பிரிக்கவோ இயன்மருத்துவத்துக்கோ போகலாம்.

## வழி நான்கு: ஹெலி எடுத்துக் கொழும்பு

பாதுகாப்புப் பிரிவினரும் கட்சித் தலைமைகளும் உடனே கேட்பது இது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் எல்லாத் துறை நிபுணர்களும் இருக்கிறார்கள், தலைவர்களும் அங்கே இருக்கிறார்கள், பாதுகாப்பும் அங்கே இலகு. நியாயமான எண்ணம்தான். நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏ9 வீதியால் கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வானத்தால் 300 அளவு. ஹெலிகொப்டரில் ஒன்றரை மணித்தியாலம் அளவு. அது பறக்கும் நேரம் மட்டும்தான். அனுமதி எடுக்க, இயந்திரத்தைச் சூடாக்க, ஆளை பலாலிக்கோ துரையப்பா அரங்குக்கோ கொண்டுபோய் ஏற்ற, கொழும்பில் இறக்கி மறுபடி அம்புலன்ஸில் மாற்ற என்று கூட்டினால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். இரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த மூன்று மணித்தியாலம் இல்லை.

ஹெலிக்குள் நிலைமை என்ன என்பதையும் அறிந்திருக்கவேண்டும். சத்தத்தில் ஸ்டெதஸ்கோப்பால் மூச்சொலி கேட்காது. குலுக்கத்தில் ஊசி ஏற்றுவது சிரமம். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்திருந்தால், உயரம் கூடக்கூட அந்தக் காற்று விரிந்து நுரையீரலை நெருக்கும். எனவே ஏற்றுவதற்கு முன்பே நெஞ்சில் குழாய் போட்டாகவேண்டும். அதைப் போடும் வைத்தியர் இருப்பதோ ஆஸ்பத்திரியில்.

ஸ்லோவாக்கியப் பிரதமர் ஃபிட்சோ 2024 மே 15இல் ஹண்ட்லோவா நகரில் சுடப்பட்டபோது ஹெலிகொப்டர் இருந்தது. ஆனாலும் தலைநகர் பிராட்டிஸ்லாவா தூரம் என்று சொல்லி, அதைவிடக் கிட்டவுள்ள பன்ஸ்கா பிஸ்ட்ரிட்சா வைத்தியசாலையில் இறக்கினார்கள். பல மணித்தியால அறுவை அங்கேயே நடந்தது. அவர் பிழைத்தார். மலாலா யூசுப்சாயை உலகம் பர்மிங்காம் வைத்தியசாலையோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் 2012 ஒக்டோபர் 9இல் சுடப்பட்ட அவருக்குத் தலையில் முதல் அறுவையைச் செய்தவர்கள் பெஷாவர் இராணுவ வைத்தியசாலைக்காரர்கள். பிரித்தானியாவுக்குப் போனது ஒக்டோபர் 15இல்.

ஹெலி எல்லாவற்றையும் தீர்க்காது என்பதற்கு 2022 ஜூலை 8 சாட்சி. ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே நாராவில் காலை 11.30 அளவில் சுடப்பட்டார். வைத்தியர் ஏறிய ஹெலியில்தான் கொண்டுபோனார்கள். 12.20க்கு வைத்தியசாலை சேர்ந்தபோது இதயம் இயங்கவில்லை. நூறு அலகுக்கு மேல் இரத்தம் ஏற்றியும் மாலை 5.03க்கு அவர் இறந்ததாக அறிவித்தார்கள். அவ்வளவு கடுமையான காயத்துக்கு யாராலும் எதுவும் செய்ய முடிந்திருக்குமா என்பது வேறு விஷயம். எவ்வளவு வசதி இருந்தாலும் காயப்பட்ட இடத்தில் கழியும் முதல் நிமிடங்களைத் திரும்ப வாங்க முடியாது.

அப்படியென்றால் ஹெலி எதற்கு நல்லது? இரண்டு சந்தர்ப்பங்களுக்கு. ஒன்று, யாழ்ப்பாணத்தில் இரத்தப்போக்கை நிறுத்தி, ஆள் நிலைப்பட்ட பிறகு, கண், முகம், சிக்கலான இரத்தக்குழாய் போன்ற சிறப்பு அறுவைக்காகக் கொழும்புக்கு மாற்றுவது. மற்றது தீவுகள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | முதல் அறுவைக்கு ஆகும் நேரம் | இரத்த இருப்பு | பலர் காயப்பட்டால் | மறைவான செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|---|
| பெரியாஸ்பத்திரி | நகரத்திலிருந்து குறைவு | நான்கிலும் சிறந்தது | தாங்கும் | வாசல் நெரிசல், மற்ற நோயாளர் பின்தள்ளப்படுதல் | நகரம், நல்லூர், வலிகாமத்தின் பெரும்பகுதி |
| ஆதார வைத்தியசாலை | நிபுணர் இருந்தால் மிகக் குறைவு | சிறியது | ஒருவர், இருவர் | ஆளணி நாளுக்கு நாள் மாறும் | வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். மூச்சு அடைபட்டால் எங்கும் |
| தனியார் | நிபுணர் வரும்வரை காத்திருப்பு | வெளியிலிருந்து வரவேண்டும் | தாங்காது | போன நேரம் திரும்பாது | சிறு காயம், பிந்திய பராமரிப்பு |
| ஹெலியில் கொழும்பு | மூன்று மணித்தியாலத்துக்கு மேல் | அங்கே நிறைய, வழியில் இல்லை | ஓரிருவர் மட்டும் | பறக்கும்போது சிகிச்சை குறைவு | முதல் அறுவைக்குப் பின் மாற்ற |

## அம்புலன்ஸ்: கூப்பிடுவதா, நிறுத்திவைப்பதா, காரில் ஓடுவதா

இது அடுத்த தீர்மானம். பலர் மேலே சொன்னதைவிட இதில்தான் தடுமாறுகிறார்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது. காசு இல்லை. வண்டியில் சாரதியும் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளரும் வருவார்கள், வைத்தியர் இருக்கமாட்டார். சாதாரண நாளில் மிக நல்ல சேவை. ஆனால் சனம் அடைத்த கூட்டத்துக்கு நடுவில் வண்டி உள்ளே வரும் நேரத்தையும் கூட்டித்தான் பார்க்கவேண்டும். நீங்கள் கூப்பிடும் நேரத்தில் அந்தப் பகுதி வண்டி இன்னொரு விபத்துக்குப் போயிருக்கவும் கூடும்.

சில ஆயிரம் பேர் கூடும் இடம் என்றால் ஒரு வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். சுகாதாரப் பணிமனையிடம் எழுத்தில் கேட்டால் வைத்தியர், தாதியோடு கிடைக்க வாய்ப்பு உண்டு. சென். ஜோன் முதலுதவிப் படையினரையும் செஞ்சிலுவைத் தொண்டர்களையும் சேர்த்துக் கூப்பிடலாம். எங்கே நிறுத்துவது என்பதுதான் முக்கியம். மேடைக்குப் பின்னால், மூக்கு வெளிவாசலைப் பார்த்தபடி, முன்னால் வேறு வாகனம் நிற்காமல். பல கூட்டங்களில் அம்புலன்ஸுக்கு முன்னால் பிரமுகர்களின் வாகனத் தொடரணியே மறித்து நிற்பதைக் காணலாம்.

இன்னொன்று, சாரதி. 1984 ஒக்டோபர் 31 காலை இந்திரா காந்தி சுடப்பட்டபோது வீட்டு வளவில் அம்புலன்ஸ் நின்றது, அதை ஓட்ட ஆள் இல்லை. அம்பாசிடர் காரில் மருமகள் மடியில் வைத்துத்தான் எய்ம்ஸ் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு காயத்தோடு அவர் பிழைத்திருப்பாரா என்பது வேறு. நிறுத்திவைத்த வண்டியின் திறப்பு யார் சட்டைப்பையில் இருக்கிறது, அவர் தேத்தண்ணி குடிக்கப் போனால் யார் ஓட்டுவது என்பதைக் கேட்க வெட்கப்படவேண்டாம்.

காரில் தூக்கிப்போட்டு ஓடுவது பிழையா? கத்திக்குத்தும் சூட்டுக்காயமும் என்றால், வைத்தியசாலை சில நிமிடத் தூரத்தில் இருந்தால், அதுவும் சரியான தீர்மானமே. 2025 ஜனவரியில் இந்தி நடிகர் சைஃப் அலி கான் குத்துப்பட்டு ஓட்டோவில்தான் மும்பை லீலாவதி வைத்தியசாலைக்குப் போனார், பிழைத்தார். 1981 மார்ச் 30இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் சுடப்பட்டபோது கார் முதலில் வெள்ளை மாளிகைப் பக்கமே திரும்பியது. காயம் தெரியவில்லை, விலா எலும்பு நொந்ததாகத்தான் நினைத்தார்கள். வாயில் நுரையோடு இரத்தம் கண்டதும், கூட இருந்த பாதுகாப்பு அதிகாரி ஜெரி பார் காரை ஜோர்ஜ் வொஷிங்டன் பல்கலைக்கழக வைத்தியசாலைக்குத் திருப்பச் சொன்னார். ரீகன் தன் காலால் உள்ளே நடந்து போய்ச் சரிந்தார். உடுப்பை வெட்டிக் கழற்றிய பிறகே இடது கமக்கட்டுக்குக் கீழே சின்னக் கீறல் போன்ற ஓட்டை தெரிந்தது. காரில் பட்டுத் தட்டையான சன்னம் அதன்வழி போய் இதயத்துக்குக் கிட்ட நின்றிருந்தது. உடலின் இரத்தத்தில் பாதி அளவு போய்விட்டது.

காரில் போவதானால் பின்னிருக்கையில் காயத்தை அமத்திப் பிடிக்க ஒருவர் கட்டாயம் ஏறவேண்டும். அவருக்குத் தெரிந்திருக்கவேண்டியது இவ்வளவுதான். கை, கால் என்றால் காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் மேலே, மூட்டு இல்லாத இடத்தில், டூர்னிக்கே என்ற இறுக்கிக் கட்டும் பட்டியை இரத்தம் நிற்கும்வரை இறுக்கி, இறுக்கிய நேரத்தை எழுதவேண்டும். இடுப்புமடிப்பு, கமக்கட்டு, கழுத்தடி என்றால் பட்டி போட முடியாது. சுத்தமான துணியை ஓட்டைக்குள் திணித்து முழுப் பலத்தோடு அமத்தவேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. குத்திய கத்தி உள்ளே நின்றால் உருவக்கூடாது. தண்ணீர் கொடுக்கக்கூடாது. போர்த்திச் சூடாக வைத்திருக்கவேண்டும். மெய்ப்பாதுகாவலருக்கும் சாரதிக்கும் ஒரு பிற்பகலில் இதைப் பழக்கிவிடலாம். என்னைக் கேட்டால், வாடகைக்கு எடுக்கும் இரண்டாவது அம்புலன்ஸைவிட அந்தப் பிற்பகல் கூடப் பெறுமதி.

## இரத்தம்

யாராவது பெரிய ஆள் காயப்பட்டால் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் இரத்தம் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். நல்ல மனம். ஆனால் அன்று கொடுத்த இரத்தத்தை அன்றே ஏற்றிவிட முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைற்றிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாம் பரிசோதித்த பிறகே வெளியே வரும். அந்த வரிசை சிலவேளை அவசர வாசலையே அடைத்துவிடும்.

ஆகவே ஒழுங்கு செய்பவர்கள் உண்மையில் உதவ விரும்பினால், கூட்டத்துக்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு முன் இரத்ததான முகாம் ஒன்று வைக்கட்டும். செங்குருதிக் கலங்கள் ஐந்தாறு வாரம் தாங்கும். இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் ஐந்து நாள்தான், ஆதலால் அவற்றுக்காக ஒரு சிலர் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன் போய்க் கொடுக்கலாம். உறைய வைத்த பிளாஸ்மாவை (இரத்தத்தின் நீர்ப்பகுதி) உருக்க அரை மணித்தியாலம் பிடிக்கும், அதனால் வைத்தியசாலைக்கு முதல் தொலைபேசித் தகவல் போகும்போதே "இரத்தம் நிறைய வேண்டிவரும்" என்று சொல்லவேண்டும். பிரமுகரின் இரத்த வகையை முன்கூட்டியே அறிந்துவைப்பது பயன்தான், முக்கியமாக நெகட்டிவ் வகை என்றால். ஆனால் அட்டையில் எழுதியதை நம்பி எந்த வைத்தியரும் ஏற்றமாட்டார். அங்கே பரிசோதித்துத்தான் ஏற்றுவார்கள், அதுவரை ஓ வகை கொடுப்பார்கள்.

ட்ரானெக்சமிக் அசிட் என்ற மலிவான மருந்து ஒன்றும் உண்டு. 20,000க்கு மேற்பட்ட நோயாளரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வு, காயப்பட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் வரும் சாவு குறைகிறது என்று காட்டியது. பிந்திக் கொடுத்தால் பயனில்லை, தீங்கும் வரலாம். கூட்டத்தில் வைத்தியர் நிற்கப்போகிறார் என்றால் அவருடைய பைக்குள் இது இருக்கிறதா என்று கேளுங்கள்.

## பெரிய ஆள் என்பதாலேயே வரும் ஆபத்து

பிரமுகரைக் கண்டதும் வைத்தியர்கள் வழமையை மாற்றிவிடுவதால் நோயாளிக்கே கேடு வரும் என்பது மருத்துவ உலகில் நெடுங்காலமாகப் பேசப்படுவது. வேட்டியை வெட்டத் தயங்குவது, முதுகைப் புரட்டிப் பார்க்கக் கூச்சப்படுவது, அனுபவமுள்ள இளைய வைத்தியரை ஒதுக்கிவிட்டுப் பதவியில் பெரியவர் ஊசியைக் கையில் எடுப்பது. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்ட பிறகு வைத்தியர் மாறி வைத்தியர் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுச் சன்னத்தைத் தேடினார்கள். சூட்டைவிடக் கிருமித் தொற்றே அவரைக் கொன்றது என்பது பிற்கால மருத்துவர்களின் பொதுவான முடிவு.

இதற்கு வைத்தியசாலை செய்யவேண்டியது, அன்று கடமையில் இருக்கும் குழுவே பார்க்கும் என்று எழுதிவைப்பது. கட்டளையிடுபவர் ஒருவர். அமைச்சரோ பணிப்பாளரோ அறைக்குள் வருவதில்லை, அவர்களுக்கு வேறு அறை. ஊடகத்துக்கு ஒருவர் மட்டும், நோயாளியோ குடும்பமோ சம்மதித்ததை மட்டும் சொல்வார். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசி தூக்கப்படக்கூடாது.

சாட்சியமும் உண்டு. சட்ட வைத்திய அதிகாரிக்கும் நீதிமன்றுக்கும் அந்த உடுப்பு வேண்டும். வெட்டும்போது சூட்டு ஓட்டைக்கூடாக வெட்டாமல் விலத்தி வெட்டி, பிளாஸ்டிக் பையில் போடாமல் கடதாசி உறையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்காது. இதற்காகச் சிகிச்சையை ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

தாக்கியவரும் காயப்பட்டு அதே வாசலால் வரலாம். 1967 ஜனவரி 12இல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது எம்.ஆர். ராதாவும் சூட்டுக்காயத்தோடு இருந்தார். இருவரையும் முதலில் ராயப்பேட்டை வைத்தியசாலைக்கும், பிறகு சென்னை அரசு பொது வைத்தியசாலைக்கும் கொண்டுபோனார்கள். இருவருமே பிழைத்தார்கள். பெரியாஸ்பத்திரியிலும் அப்படித்தான் நடக்கவேண்டும்: வேறு வேறு அறை, வேறு பொலிஸ் காவல், ஒரே தரமான சிகிச்சை.

## எந்தக் கூட்டத்துக்கு எது

நகரத்துக்குள், நல்லூரில்: நேரே பெரியாஸ்பத்திரி, ஒரு அம்புலன்ஸ் இடத்திலேயே, வீதி திறக்கும் பொலிஸ்காரரின் பெயர் கையில். மண்டபக் கூட்டம், இருநூறு பேர் என்றால் 1990 போதும். ஆனால் டூர்னிக்கே, கட்டுத்துணி உள்ள பையும் அதைப் பாவிக்கத் தெரிந்த இருவரும் கட்டாயம்.

வடமராட்சி, தென்மராட்சி: அன்று நிபுணர் இருப்பதை ஆதார வைத்தியசாலையிடம் கேட்டு, இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் வழியில் காயத்தை அமத்தியபடி யாழ்ப்பாணம். யார் இதைத் தீர்மானிப்பது என்று ஒருவரைக் குறியுங்கள். சம்பவ இடத்தில் நாலு பேர் நாலு திசை சொல்வதால் போகும் நேரம் பெரிது.

படகில் போகவேண்டிய தீவுகள்: நயினாதீவுத் திருவிழா, நெடுந்தீவில் கூட்டம், கச்சதீவு அந்தோனியார் திருநாள். இங்கேதான் ஹெலி தன் பெறுமதியைக் காட்டும், கொழும்புக்கு இல்லாமல் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதற்கு. நெடுந்தீவிலிருந்து படகில் குறிகாட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம், பிறகு நகருக்கு றோட்டு. காற்றுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. ஆகவே கடற்படைப் படகு, விமானப்படை ஹெலி இரண்டுக்கும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, இறங்கும் மைதானத்தைக் குறித்து, பொழுதுபட்ட பின் ஹெலி இறங்க முடியுமா என்பதையும் கேட்டுவையுங்கள். முடியாது என்று பதில் வந்தால், பிரமுகரின் நிகழ்ச்சியைப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடிக்கும்படி நேர அட்டவணையை மாற்றுங்கள்.